பிரியாணிக்கும் அதே சொல்

"பிரியாணி துன்னாலும் 'செம'ன்ற, என் படத்துக்கும் 'செம'ன்றியே!"

ஆவடி ரயிலில் என் பக்கத்தில் நின்றவன் கூட்டாளியிடம் கத்தினான். மாதா கோயில் திருவிழாவுக்கு அவன் வரைந்த படம் செல்போனில் இருந்தது. நாளைக்குக் கொடியேற்றம்.

"நல்லாத்தான் கீது மச்சான். வேற இன்னா சொல்லணும்?"

"கண்ணுல பட்டதச் சொல்லு."

கூட்டாளி அப்போதுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தான். பாதிப் பேர் பார்க்காமலேதான் பாராட்டுகிறோம்.

"மாதா போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நம்மளயே பாக்குறாங்க. கைல கொயந்த கீறதே அவங்களுக்குத் தெரில."

வரைந்தவன் செல்போனில் மாதாவின் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தான். அம்பத்தூர் வந்து போனது.

"கோச்சிக்கினியா? ஃபாதரே சூப்பர்னுட்டாரே."

"அவரு கெடக்குறாரு. ஊட்டுக்கு வா. கண்ணை அழிச்சிட்டு வரையறேன். மாதா கொயந்தயப் பாக்குற வரைக்கும் நீ எந்திரிக்கக் கூடாது."