நாலாம் அத்தியாயம் போதாது

"எத்தனை தடவைடி திருத்துவே? மார்ச்சுக்குள்ள புக் வரலேன்னா காலேஜ்ல வேலை பர்மனென்ட் ஆகாது. தெரியுமோல்லியோ?" என்று பத்ரி கத்தினான்.

"நான் வேணும்னா பண்றேன்? எவனோ ஒரு ரிவ்யூவர், மூணாவது தடவையா திருப்பி அனுப்பியிருக்கான். பேரும் கிடையாது, மூஞ்சியும் கிடையாது!" இது அவன் மனைவி வந்தனா.

நான் ஒட்டுக்கேட்கவில்லை. மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்துச் சுவர் அப்படி. பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பதுகூட எனக்குத் தெரியும். 'எவனோ' என்று அவள் சொன்னதில்தான் சின்ன வருத்தம்.

அந்த ரிவ்யூவர் நான்தான். அபயாம்பாள், ஓய்வுபெற்ற சமூகவியல் பேராசிரியை.

பதிப்பகத்தார் எழுதியவர் பெயரை நீக்கிவிட்டுப் பிரதியை எனக்கு அனுப்புவார்கள். வெளியிடலாமா என்று நான் சொல்ல வேண்டும். தாராவியில் முறுக்குச் சுடும் திருநெல்வேலிப் பெண்களைப் பற்றிய இந்தப் பிரதி வந்தனாவுடையது என்று முதல் பக்கத்திலேயே கண்டுகொண்டேன். பால்கனியில் நின்று போனில் அவள் அம்மாவுக்குப் படித்துக்காட்டியதையெல்லாம் கேட்டவள்தானே நான். 'எழுதியவரை அறிவீர்களா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று குறித்தேன். ஆறு வருஷமாகப் பக்கத்து வீடு, ஒரு நாள்கூட அவள் உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. அதை அறிமுகம் என்று எப்படிச் சொல்வது?

முதல் அறிக்கையில் நான் சொன்ன குறைகள் நியாயமானவை. அதை எடுத்துக்கொண்டு அவள் என்னிடமே வந்தாள். "மாமி, நீங்க புரொஃபசரா இருந்தவா. இந்த ஆள் என்னதான் கேக்கறான்னு கொஞ்சம் பாருங்கோளேன்."

பார்த்தேன். செவ்வாய், வெள்ளி சாயங்காலம் என்று ஆனது. என் வீட்டு இரண்டாவது நாற்காலியில் குவிந்திருந்த பழைய பேப்பரை எடைக்குப் போட்டேன். இரண்டு பேருமாக ரிவ்யூவரைத் திட்டினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே. "பொண்டாட்டி விட்டுட்டுப் போனவனா இருப்பாண்டி" என்றேன். அவள் சிரித்த சிரிப்பு கீழ்வீடு வரை கேட்டிருக்கும்.

திருத்திய பிரதி என்னிடம் வந்தது. குறை இல்லை. வெளியிடலாம் என்று எழுதிவிட்டால், செவ்வாய்க்கிழமை நான் என்ன செய்வது? புதிதாக நாலாம் அத்தியாயம் ஒன்று தேவை என்று எழுதினேன். அதை நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்துதான் எழுதினோம். மூன்றாவது அறிக்கையில், நாலாம் அத்தியாயம் போதாது என்றேன்.

மார்ச் போனது. வேலை மானசா என்கிற இன்னொருத்திக்குப் போனது. ஒற்றைச் சம்பளத்தில் இங்கே கட்டுப்படியாகாது என்று பத்ரி உல்லாஸ்நகருக்கு வீடு மாற்றினான். கிளம்பும்போது வந்தனா என்னை நமஸ்காரம் பண்ணினாள். "நீங்க இல்லேன்னா எப்பவோ விட்டிருப்பேன் மாமி" என்றாள். இப்போது எழுதுவதையே விட்டுவிட்டாளாம்.

நான் எழுதிய அறிக்கைகளில் ஒரு வரியைக்கூட மாற்றிக்கொள்ள மாட்டேன். இன்னும் ஒரே ஒரு வருஷம் அவள் பக்கத்தில் இருந்திருந்தால், அந்தப் புத்தகம் நன்றாக வந்திருக்கும்.