ஏழு வயதுக் கைக்குழந்தை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அடுத்தவர் கதையைக் கேட்டு எழுதுவதும் சரியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூதூரிலிருந்து திருகோணமலைக்கு வந்த லோஞ்சுப் படகில் என் முன்னால் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி இருந்தார். பிள்ளைப்பேற்றுக்காக ஆசுபத்திரிக்குப் போகிறார். ஏழு வயது மகள் அவர்மேல் சாய்ந்திருந்தாள். பக்கத்தில், தாய் திரும்பும்வரை மகளைப் பாலையூற்றிலுள்ள தன் வீட்டில் வைத்துப் பார்க்கப்போகும் மச்சாள், கணவரின் தங்கை.

“இடைவேளைக்குப் பள்ளிக்கூடம் போய் இவளுக்குக் கழுவி விடுறதும் நான்தான்,” என்றார் தாய், பெருமையாக.

“இவள் பிள்ளையோ, மகாராணியோ? என்னால ஏலாது மச்சாள்.”

“சோறும் நான் வாயில தீத்தினால்தான் இறங்கும்.”

“அப்ப கை எதுக்கு, காப்புப் போடவோ?”

“நீங்கள் ஏசினால் அழுவாள். நான் அங்கை எப்பிடி நிம்மதியாப் பிள்ளை பெறுறது?”

“அண்ணனுக்கும் நீங்கள்தானே சட்டைப் பொத்தான் பூட்டுறனீங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கோ. ஒரே ஆசுபத்திரி வாட்டில மூண்டு பிள்ளையையும் பார்க்கலாம்.”

மகள் சிரித்துவிட்டாள். தாய் சிரிக்கவில்லை.

“பாருங்கோ, நான் இல்லாமல் இவள் இராத்திரி கண் மூடமாட்டாள்.”

“ஓம், ஓம். பார்ப்பம்.”

மறுநாள் நான் ஊர் திரும்ப ஜெட்டிக்கு வந்தபோது, மூதூரிலிருந்து வந்திறங்கிய தன் அண்ணனிடம் அதே மச்சாள் சொல்லிக்கொண்டிருந்தார். பிறந்தது ஆண்குழந்தை, இருவரும் சுகம். மகள் தானே குளித்து, தானே சாப்பிட்டு, அம்மா எங்கே என்று ஒருதரமும் கேட்காமல் தூங்கிவிட்டாளாம். அதை ஆசுபத்திரியில் போய்ச் சொன்னதிலிருந்து தாய் அழுதுகொண்டிருக்கிறாராம்.