பலகையின் அடி ஓரம்

— புடவை அப்புறம் பாக்கறேம்மா. இந்த அலமாரிங்க... எப்ப வாங்கினது?

— எழுபத்தொண்ணு தை மாசம் சார். மெட்ராஸ்லேர்ந்து லாரில வந்து எறங்குச்சு. ரெண்டரை வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு.

— தூள் பலகைதானே? மேல மைக்காத் தகடு ஒட்டினது?

— ஆமா சார். மரத்தூளைப் பசை போட்டு அழுத்தின பலகை. பாக்க தேக்கு மாதிரி மினுக்கும். தண்ணி பட்டாதான் அதோட வண்டவாளம் தெரியும்.

— அதான் கேக்கறேன். வேலூர்ல, செங்கல்பட்டுல, நான் பாத்த எடத்துல எல்லாம் அடி உப்பிப் போய் நிக்குது. இங்க மட்டும் எப்படிம்மா...

— அது பெரிய கதை சார். மேனேஜர் சாப்பிடப் போயிருக்காரு, அதுவரைக்கும் நான்தான் கடையைப் பாத்துக்கறேன். புடவை எடுக்க வந்தவருக்கு எதுக்கு?

— பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது. சொல்லு.

— பெரியநாயகின்னு ஒருத்தி சார். இந்த நெசவாளர் சங்கத்துக் கடைல தரை தொடைக்கிறவ. அவ வூட்டுக்காரரு தறி நெய்யறவரு. இந்த அலமாரிங்க வந்தப்ப அவளுக்குத்தான் ரொம்பப் பெருமை. தெனம் காலைல ரெண்டு வாளி தண்ணி ஊத்தி, தரையைக் கண்ணாடி மாதிரி வெப்பா.

— ரெண்டு வாளியா... அய்யய்யோ.

— ஏன் சார் பதர்றீங்க?

— ஒண்ணுமில்ல. மேல சொல்லு.

— மூணு மாசத்துல கதவு ஓரமா இருந்த அலமாரி அடில பொரி மாதிரி பொங்கிடுச்சு. மைக்கா வாயைப் பொளந்துக்கினு நிக்குது. ஒரு நாளு தட்டோட சரிஞ்சு, கல்யாணப் புடவைங்க பத்தும் தரையில. மேனேஜர் கலியாணசுந்தரம் ஐயா அன்னிக்கே தாள்ல எழுதிட்டாரு. 'அலட்சியமா தண்ணி ஊத்தினதால சங்கத்துச் சொத்து பாழாச்சு'ன்னு. வர்ற மாசத்தோட நின்னுக்கோன்னும் சொல்லிட்டாரு.

— அந்தம்மா என்ன சொன்னா?

— என்னத்தச் சொல்றது? தண்ணி ஊத்தினது நெசந்தானே. அன்னிக்கு அவ சாப்பிடக்கூட இல்ல. ஆனா ஒரு விஷயம் அவளை உறுத்திக்கினே இருந்துச்சு சார். அதே அலமாரி மேல மேனேஜர் தண்ணிச் சொம்பு வெப்பாரு, டீ கொட்டுவாரு. மேல ஒண்ணும் ஆவல. அடி மட்டும் ஏன் உப்புது?

— ம்... கெட்டிக்காரி.

— ஒடைஞ்ச பலகைல ஒரு துண்டைக் கிள்ளி, டம்ளர் தண்ணில போட்டா. மத்தியானம் பாத்தா ரவை மாதிரி ஊறிப் போயிருக்குது. மைக்காத் துண்டையும் போட்டா, அது போட்ட மாதிரியே கெடக்குது. அப்பதான் புரிஞ்சுது. பலகைக்கு மேல சட்டை போட்டிருக்கானுங்க, காலை வெறுமனே வுட்டுட்டானுங்க.

— அப்புறம்?

— ஏனாத்தூர் முனிரத்தினம் ஆசாரிகிட்ட ஓடினா. அவரு, வெறும் ஓரத்தை உப்புக்காகிதத்தால தேச்சு, வார்னிஷ் மூணு கோட்டு அடிக்கணும்னு சொன்னாரு. ஒரு கோட்டு நல்லாக் காஞ்சப்புறம்தான் அடுத்தது. திருகு போட்ட ஓட்டைல மெழுகை உருக்கி வுடணும். நாலு மூலைக்கும் அடில ரப்பர் துண்டு வெச்சுத் தூக்கணும். சைக்கிள் டயரே போதும்னாராம்.

— மேனேஜர் வுட்டாரா?

— கிட்டப் போவாதன்னுட்டாரு. இருக்கிறதையும் கெடுத்துடுவேன்னு பயம் சார்.

— கெடுத்துடுவேன்னா?

— ...கெடுத்துடுவான்னு. ஒடைஞ்ச அலமாரி கொல்லையில கெடந்துச்சு. அதுலேர்ந்து ஒரு பலகையை எடுத்து, பாதி ஓரத்துக்கு வார்னிஷ் அடிச்சு, மீதியை அப்படியே வுட்டா. பத்து நாளு கழிச்சு மேனேஜர் மேசை முன்னாடியே பெரிய தட்டு வெச்சு, தண்ணி ஊத்தி, அதுல பலகையை நிறுத்திட்டா.

— கடைக்குள்ளயேவா? ரொம்பத் தைரியம்தான்.

— தைரியம்லாம் இல்ல சார். எப்படியும் வேலை போவுது, இன்னும் என்ன போயிடும்னு சொன்னா.

— உங்கிட்டயா சொன்னா?

— எங்கிட்டதான்... வேற யாருகிட்ட சொல்லுவா?

— சரி சரி. பலகை என்னாச்சு?

— சாயங்காலம் கடை மூடறதுக்குள்ள ஒரு பாதி உப்பி வெடிச்சிடுச்சு. இன்னொரு பாதி தொடைச்சா துணில ஈரம் வந்துச்சு, அவ்வளவுதான். மேனேஜர் ரெண்டு பக்கமும் வெரலை வெச்சு வெச்சுப் பாத்தாரு. மறுநாளு வார்னிஷ் டப்பா வந்து எறங்குச்சு. வேலைக்கும் இருக்கச் சொல்லிட்டாரு. பதிமூணு அலமாரிக்கும் அவளும் ஆசாரியும்தான் அடிச்சாங்க. அதுலேர்ந்து தொடைக்கிறதும் வேற தினுசு. துணியை முறுக்கிப் பிழிஞ்சு தொடைச்சு, பின்னாலயே காஞ்ச துணி. அலமாரியையும் சொவத்துலேர்ந்து நாலு வெரல் தள்ளி வெச்சா, ஓதம் ஏறாதுல்ல.

— மழைக்கு நின்னுச்சா?

— அங்கதான் சார் இருக்குது! போன ஐப்பசில அடிச்ச மழைல தெருத்தண்ணி உள்ள பூந்துடுச்சு. கணுக்கால் வரைக்கும். ராத்திரி முழுக்க நின்னு, காலைல கடை தொறந்து அள்ளி ஊத்தறப்பவும் வடியல. எதிர் கடைல எல்லா அலமாரியும் பொதபொதன்னு ஊறி ஒக்காந்துடுச்சு. இங்க பதிமூணும் நிமிந்து நிக்குது. உள்ள இருந்த ஒரு புடவை கசங்கல. பெரியநாயகி தண்ணிக்குள்ளயே நின்னுக்கினு ஒவ்வொரு மூலையா தடவிப் பாத்தா. பதிமூணாவது அலமாரியோட கடைசி மூலையும் கெட்டியா இருந்தப்ப... அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு சார். தெருவே வேடிக்கை பாத்துச்சு.

— பலே! அந்த அடி ஓரம் கண்ணுக்குத் தெரியாத எடம்தானேன்னு விட்டுட்டோம். அதுலதான் இவ்வளவு...

— விட்டுட்டோமா? யாரு சார் விட்டது?

— நான்தாம்மா. தணிகாசலம். கிண்டில பட்டறை. இங்க வந்த பதினாலு அலமாரியும் என் பட்டறைல செஞ்சது. எல்லா ஊர்லேர்ந்தும் புகார் வருது, காஞ்சிபுரத்துலேர்ந்து மட்டும் ஒரு கடுதாசி இல்ல. அதான் என்னன்னு பாக்க வந்தேன். சொல்லிக்க வெக்கமா இருந்துச்சு.

— அப்ப ஒரு காரியம் செய்யுங்க. அவ மேல எழுதின தாளை இன்னும் கிழிக்கல சார். ஃபைல்ல அப்படியே கெடக்குது. மேனேஜர் வாயால சரின்னாரே தவிர, தாள்ல மாத்தல. சங்கத் தலைவருக்கு நீங்க எழுதிக் குடுங்க.

— என்னன்னு எழுதட்டும்?

— தரை தொடைக்கிற தண்ணிக்கே உப்பற மாதிரி அடி ஓரத்தை மூடாம வுட்டது எங்க தப்பு. பெரியநாயகி மேல எந்தத் தப்பும் இல்ல. அவ செஞ்சதாலதான் மீதி பதிமூணும் பொழைச்சுது. இவ்வளவுதான் சார். பேரை மட்டும் தெளிவா எழுதுங்க.

— ...ஆச்சு. கையெழுத்தும் போட்டுட்டேன். இதை அந்தம்மா கையிலயே குடுக்கணும்மா. என் பட்டறைல இருபது ஆசாரிங்க இருக்காங்க, ஒருத்தனுக்கும் இது தோணல. வந்து சொல்லிக் குடுப்பாளா? வூடு எங்க இருக்குது?

— வூட்டுக்கெல்லாம் அலைய வேணாம், இப்படிக் குடுங்க சார்... நான்தான் பெரியநாயகி. பட்டறைக்கு வரேன். ஆனா அங்க தரை தொடைக்க வேற ஆளு பாத்து வெச்சுடுங்க.