இருபத்தேழு புள்ளி ரெண்டு

— தகரம் சுத்தி மாட்டுனா நிக்காதா, பாய்?

— நிக்காது அண்ணாச்சி. நீங்க கையில எடுத்தது சாதா சைக்கிளோட சீட்டுக் கம்பி, பாத்துக்கிடுங்க. உங்க மக ஓட்டுதது ரேஸ் வண்டி. அதுக்கு இருபத்தேழு புள்ளி ரெண்டு மில்லிமீட்டர் கம்பிதான் சேரும். நூலளவு குறைஞ்சாலும் குலுங்குதப்போ சீட்டு உள்ள இறங்கிரும்.

— அப்போ சரியான அளவுல ஒண்ணு குடுங்க. மூணு மணிக்குப் புளியரையில ஆள் எடுக்காங்க. மலையேறுத போட்டி. ஜெயிச்சாத்தான் மாநில டீமு. இப்பவே மணி ஒண்ணே கால்.

— ரெண்டு இருக்கு. இது கார்பன், எடை கம்மி. திருகை ஒரு சுத்து கூட இறுக்கிட்டா விரிசல் விழும். இது அலுமினியம், கொஞ்சம் கனம்.

— எது உடையாது?

— அப்படி ஒண்ணு கிடையாது அண்ணாச்சி. சார்ஜாவுல பன்னெண்டு வருசம் இதே வேலைதான் பாத்தேன். பழசைக் காட்டுங்க. எங்கன விட்டிருக்குன்னு பாத்தாத்தான் எதைக் குடுக்கன்னு தெரியும்.

— கம்பியோட மேல்துண்டுதான் சீட்டோட இருக்கு. இலஞ்சி விலக்குப் பள்ளத்துல விழுந்து முறிஞ்சிட்டு.

— முறிஞ்சது பல்லு பல்லா இருக்கும் அண்ணாச்சி. இது வெண்டைக்காய் நறுக்குன மாதிரி இருக்கு. தூள்கூட ஒட்டிக்கிட்டிருக்கு, பாத்துக்கிடுங்க. ரம்பம் பட்ட கம்பி இது. கூடப் போட்டிக்கு வாரவங்க யாராவது செஞ்சிருந்தா, போலீசுக்குப் போங்க.

— போலீசு வேண்டாம், பாய்.

— ஏன்?

— நான்தான் அறுத்தேன்.

— பெத்த மகளுக்கா?

— முந்தாநாள் என் லாரியில எம்-சாண்ட் ஏத்திக்கிட்டு புளியரை எஸ் வளைவுல ஏறிக்கிட்டிருக்கேன். எதிர்க்க ஒரு லாரி, அதை முந்திக்கிட்டு ஒரு பஸ்சு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சைக்கிள் இறங்குது. பிரேக்கை மிதிச்சேன். என் பம்பருக்கும் அதுக்கும் ஒரு முழம்தான். ஏசணும்னு தலைய வெளிய நீட்டுனா, என் மக கிருபா. திரும்பிக்கூடப் பாக்காம போயிட்டா.

— யா அல்லாஹ்.

— ஆரியங்காவு வரைக்கும் ஹாரன்லருந்து கைய எடுக்கல. நேத்து அவ காலேஜுக்குப் போனதும் ரம்பத்தை எடுத்தேன். அறுத்து முடிச்சப்போ நிம்மதியா இருந்துச்சு பாய், பொய் சொல்லல. சாயங்காலம் வந்து பாத்தா. வண்டியத் தூக்கிக்கிட்டு ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திட்டா. பச்சத்தண்ணி குடிக்கல. ‘பிள்ளைய உசிரோட அடக்கம் பண்ணிட்டீங்களே’ன்னு கேக்கா அவ அம்மா.

— அலுமினியமே கொண்டு போங்க. பெடல்லருந்து சீட்டு வரைக்கும் எவ்வளவு உயரம் வைப்பா?

— தெரியாது.

— அவளுக்குத் தெரியும். கேளுங்க.

— எங்கிட்ட எங்க பேசுதா? அவ அம்மாவுக்குப் போடுதேன். ஸ்பீக்கர்ல வைக்கேன், நீங்களும் கேளுங்க... தங்கபுஷ்பம், கதவைத் தட்டி, சீட்டு எவ்வளவு உயரம்னு கிருபாட்ட கேளு.

— யாருட்ட கேக்க? அவ போயிட்டா.

— பஸ்சுலயா?

— சைக்கிள்லதான். நான் குளிச்சிட்டு வாரதுக்குள்ள கெளம்பிட்டா. எதுத்த வீட்டு தேவா பாத்திருக்கான். சீட்டு இல்லாம, நின்னுக்கிட்டே மிதிச்சுப் போறாளாம். செங்கோட்டை ரோட்டுல, இந்தச் சாரல்ல.

— அறுத்த கம்பி?

— அது அப்படியே நட்டுக்கிட்டு நிக்குங்க, கத்தி மாதிரி. கால் வழுக்கி உக்காந்துட்டான்னா... போனை வச்சிட்டு ஓடுங்க.

— கேட்டீங்களா, பாய்.

— கேட்டேன். என் பைக்குல ஏறுங்க அண்ணாச்சி. வழியில மறிச்சு மாட்டிருவோம், ரெண்டு நிமிச வேலை.

— நான் மறிச்சா அவ நிக்க மாட்டா. நீங்க மட்டும் போங்க. மாட்டி விடுங்க. நான் வாங்குனேன்னு சொல்லாதீங்க.

— நீங்க என்ன செய்யப் போறீங்க?

— லாரி வெளியதான் நிக்குது. அவ மலை ஏறி, திரும்பி இறங்குத வரைக்கும் பின்னாலயே மெள்ள வாரேன். கேரளா போற வார வண்டி அத்தனையும் ஹாரன் அடிக்கட்டும் பாய், எவனையும் முந்த விட மாட்டேன்.