கண் எழுதாத படங்கள்

— மொதல்ல தண்ணியக் குடி, ஹாஜரா. அப்புறம் அழுவலாம். கண்ணாடிப் படங்கள உடைச்சாங்களா?

— அமீன் அண்ணே! ஆளைப் போலீசுல பிடிச்சுட்டுப் போயிட்டாகங்கிறேன், நீங்க கண்ணாடியக் கேக்குறீக! உங்க மச்சான் கையில விலங்கு மாட்டி, மாசி வீதி நெடுக வெறுங்காலோட நடத்திக் கூட்டிட்டுப் போனாக.

— இஸ்மாயிலுக்கு எம்புட்டோ சொன்னேன், தங்கச்சி. ஊரெல்லாம் தண்டவாளத்தப் பேத்துப் போட்டிருக்கானுங்க, பட்டாளம் வந்து எறங்கியிருக்கு. பேசினா ஜெயிலு, கூடி நின்னா குண்டு. இந்த நேரத்துல, வெள்ளைக்காரன் தடை போட்ட அந்தத் தியாகியோட தூக்குக்கயித்துப் படத்தை எழுதுவானா ஒருத்தன்?

— அத அவரு எழுதலண்ணே! அந்தப் படத்துல கண்ணு இருக்கு. உங்க மச்சான் என்னைக்கு உருவத்துக்குக் கண்ணு எழுதியிருக்காரு? உயிர் குடுக்குறது படைச்சவன் வேலைன்னு அந்த எடத்தை வெறுங்கண்ணாடியா விட்டுருவாரே! வாங்குறவுகதான் வேற ஆளை வச்சு எழுதிக்குவாக.

— எனக்குத் தெரியும்மா. இன்ஸ்பெக்டருக்குத் தெரியணுமே.

— அதுக்குத்தான் ஓடியாந்தேன். அவரு எழுதினதுல பாதி உங்க மாடியிலதான் இருக்கு. யாரையும் தொடவிடாம, கண்ணில்லாமலே வச்சிருக்கீக. நாலஞ்சு படத்தை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோயி, "இதுதான் அவன் கைவேலை, அது வேற கை"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கு வடக்க ஜெயிலுக்கு அனுப்பிட்டா, உசுரென்ன, மையத்துகூடத் திரும்பாதுண்ணே.

— மாட்டுவண்டியிலயா? இந்தக் குண்டுங்குழியுமான ரோட்டுலயா?

— வைக்கோலப் போட்டு மடியில வச்சுக்கிட்டு நான் வாரேன்!

— புரியாமப் பேசுற. ஸ்டேஷனுக்குள்ள போன கண்ணாடி முழுசா வெளிய வராது. லத்தியால ஒரு தட்டு, அம்புட்டுத்தான். என் மக நிக்காவத் தள்ளிப்போட்டுச் சேத்த படங்க, ஹாஜரா. அவன் கை மாதிரி இன்னொரு கை வருமா?

— அந்தக் கையத்தான் இப்ப அங்க ஒடிச்சுக்கிட்டிருக்காக!

— சத்தம் போடாத... எல்லாப் படத்தையுமா எடுத்தாங்க?

— ஒண்ணு விடாம. மௌத்தாகி மண்ணுக்குள்ள போன எங்க மக படத்தையும். அது ஒண்ணுக்குத்தான் மனசு கேக்காம, அழுதுக்கிட்டே கண்ணு எழுதினாரு. ஜமாத்துல வைவாகன்னு நெல்லுக் குலுக்கைக்குப் பின்னால சொருகி வச்சிருந்தோம். வந்தவுக வீட்டைத் தேடவே இல்லண்ணே. நேரா குலுக்கைக்கிட்ட போனாக.

— அதக் கீழ போட்டுட மாட்டாங்களே?

— என்னண்ணே கேள்வி இது? உங்களுக்கு மட்டுந்தான் அதக் காட்டினாரு. விலை கேட்டீகளாம். "பெத்த புள்ளைய யாராச்சும் விப்பாகளா, அமீனுக்குக் கிறுக்கு"ன்னு ராத்திரியெல்லாம் சொல்லிச் சிரிச்சாரு.

— ...சரி. நீ முன்னால போ. சட்டைய மாட்டிட்டுப் பின்னாலயே வாரேன்.

— படத்தோடதானே வாரீக?

— படத்தோடதான். கொல்லைப்பக்கமாப் போயிரு. வாசல் வேணாம்.

— ஏண்ணே? யாரோ கூப்புடுறாகளே வாசல்ல. வண்டிச் சத்தமும் கேக்குது...

— பாய்! நாந்தான், ஏட்டு பேயாண்டி! நீங்க குடுத்த தூக்குக்கயித்துப் படத்தை மட்டும் கேசுல சேத்தாச்சு, மத்ததெல்லாம் வண்டியில இருக்கு. வந்து எறக்கிக்கங்க. அந்தச் சின்னப்புள்ள படத்துல ஒரு கீறல் இல்ல!