ஆயுத பூசைக்கு வைத்த துவக்கு

பெயர்: ஜெயகௌரி ஞானேஸ்வரன். வயது: 53. தொழில்: மருந்துக்கடை உதவியாளர். இருப்பிடம்: ஸ்ட்ரெதம், தெற்கு லண்டன், வீட்டு இலக்கமும் தெருவும் தனித்தாளில் உள்ளன. எடுக்கப்பட்ட நாள்: 13 அக்டோபர் 2025, திங்கட்கிழமை, காலை 10.20. தமிழில் எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர் றூபினி.

நான் எதுவும் சொல்லக் கட்டாயமில்லை என்றும், சொல்வது எனக்கு எதிராகவும் பயன்படலாம் என்றும் பொலிஸ் அலுவலர் சொன்னார். விளங்கியது. வழக்கறிஞர் வேண்டாம் என்றேன். எனக்கு ஆங்கிலம் பேசவும் வாசிக்கவும் தெரியும். இருபத்திரண்டு வருடமாக ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச் சீட்டுகளைப் பார்த்துத்தான் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன், இதுவரை ஒருவருக்கும் மாறிக் கொடுத்ததில்லை. பிறகு ஏன் தமிழில் என்று கேட்கப்பட்டது. எனக்கு ஆங்கிலம் விளங்காது என்று என் கணவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். கட்டிய மனுசன் சொன்னதைப் பொய்யாக்குவானேன் என்றுதான் தமிழில் சொல்கிறேன்.

என் கணவர் ஞானேஸ்வரன், வயது 59, கடைகளின் குளிரறைகளைத் திருத்தும் தொழில் செய்கிறார். சொந்தத் தொழில், நான்கு பேர் வேலைக்கு இருக்கிறார்கள். 2023 நவம்பரில் அவருடைய பெரிய வாடிக்கையாளரான அல்ஸ்டன் என்பவர் அவரை டெவனுக்குப் பெசன்ட் பறவை சுட அழைத்தார். பெசன்ட் என்பது நீண்ட வாலுள்ள, கோழியளவான பறவை. அதை மலை உச்சியிலிருந்து ஆட்கள் தடி தட்டிக் கலைத்து எழுப்புவார்கள், கீழே பள்ளத்தில் வரிசையாக நிற்பவர்கள் தலைக்கு மேல் நாற்பது கஜ உயரத்தில் அது பறக்கும்போது சுடுவார்கள். எனக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை, ஆனால் இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் வேறு கதை இல்லை. அன்று இரவல் துவக்கால் நாள் முழுக்கச் சுட்டும் ஓர் இறகுகூட விழவில்லை. மதியச் சாப்பாட்டில் எல்லோரும் அவரைப் பகிடி பண்ணியிருக்கிறார்கள். போகும்போது விருந்தாளிக்குக் கொடுக்கும் வழக்கப்படி யாரோ சுட்ட இரண்டு பறவைகளைக் கொடுத்துவிட்டார்கள். அதைக் கொண்டுவந்து குசினித் தொட்டிக்குள் போட்டார். நான் கந்தசஷ்டி விரதம். அது அவருக்கு நினைவில்லை.

அதன் பிறகு 2024இல் அவர் துவக்கு லைசென்சுக்கு விண்ணப்பித்தார். படிவத்தை நிரப்பியது நான். விதிகளை வாசித்து அவருக்கு விளங்கப்படுத்தியதும் நான். அதன் பிறகு பொலிசார் வந்து மாடிப்படிக்குக் கீழே சுவரோடு பூட்டிய இரும்பு அலுமாரியைப் பார்த்தார்கள். அதைப் பூட்டித் திறக்கும் திறப்பு அவரிடம் மட்டுமே இருக்க வேண்டும், எங்கே வைக்கிறார் என்பது மனைவிக்கும் தெரியக்கூடாது என்று அந்த அலுவலர் என் முன்னால் சொன்னார். ஆகவே அந்த விதி உமக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு என் பதில்: தெரியும், அவருக்கும் தெரியும்.

அதன் பிறகு 2025 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை குரோய்டனுக்கு அப்பால் உள்ள ஒரு துவக்குக் கடைக்குப் போனோம். அவர் சொல்வதற்கெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்ட ஓர் ஆள் தேவை, அதற்காக நான் போனேன். கடைக்காரர் கீத் என்ற வயதான மனிதர், பொறுமைசாலி. உயரத்தில் பறக்கும் பறவைக்கு என்றால் குழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள, முப்பத்திரண்டு அங்குல நீளமான, எட்டு இறாத்தல் பாரமான துவக்கு நல்லது என்றார். பாரம் இருந்தால்தான் பறவையின் போக்கோடு சேர்ந்து துவக்கு நிற்காமல் திரும்பும், பெரிய தோட்டாவின் உதையையும் அது தாங்கும் என்றார். குழலின் வாய் சற்று ஒடுங்கியிருந்தால் அவ்வளவு தூரத்திலும் சன்னங்கள் சிதறாமல் போகும் என்றும் விளங்கப்படுத்தினார். என் கணவர் அதைக் காதில் வாங்கவில்லை. அல்ஸ்டனின் கையில் இருந்தது போல, குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் உள்ள, பூவேலைப்பாடு செதுக்கிய மெல்லிய துவக்கைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு கீத் கண்ணைச் சோதித்தார். இரண்டு கையாலும் ஒரு முக்கோணம் பிடித்து அதற்குள்ளால் சுவரில் இருந்த விளக்கைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். என் கணவர் வலக்கைக்காரர், ஆனால் அவருக்கு வலுவான கண் இடக்கண் என்று தெரிந்தது. வலத்தோளில் துவக்கை வைத்து இடக்கண்ணால் குறிபார்த்தால் எந்தத் துவக்கும் பறவைக்குப் பக்கத்தால்தான் போகும் என்றார் கீத். மருந்தும் சின்னதுதான் என்றார்: சுடும்போது போடும் கண்ணாடியின் இடப்பக்க வில்லையில் ஒரு துண்டு நாடா ஒட்ட வேண்டும். அல்ஸ்டன் போன்ற வெள்ளைக்காரருக்கு முன்னால் கண்ணில் பிளாஸ்டர் ஒட்டின மாதிரி நிற்க ஏலாது என்று என் கணவர் தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் கீத்திடம் நன்றி சொன்னார்.

நான் கீத்திடம் ஒன்றே ஒன்று கேட்டேன். சரியான துவக்கால் சரியாகச் சுட்டால் பறவைக்கு ஒன்றும் தெரியாது, வலியில்லாமல் போய்விடும் என்று அவர் சொல்லியிருந்தார். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். என் கணவர் என் காலை மிதித்தார்.

பூவேலைத் துவக்கு வீட்டுக்கு வந்தது. அதன் பிறகு ஆறு வாரம் கென்டில் மண்தட்டு எறிந்து சுடப் பழகும் இடத்துக்குப் போய்வந்தார். உயரத் தட்டு ஒன்றிலும் படவில்லை, தோள் மட்டும் கன்றி நீலமாகியது. மருந்துக்கடையிலிருந்து பூச்சுமருந்து கொண்டுவந்து பூசிவிட்டது நான். அதன் பிறகு அந்தத் துவக்கைக் கொடுத்து, கீத் முதலில் சொன்ன பாரத் துவக்கையே மேற்கொண்டு காசு கட்டி வாங்கினார். கீத் அவருடைய கை நீளத்துக்கும் கன்னத்துக்கும் ஏற்ப அடிக்கட்டையைச் சீவிக் கொடுத்து, நாடாவை மறக்க வேண்டாம் என்று மறுபடியும் சொன்னார். இவர் ஒட்டவில்லை. இதெல்லாம் விசாரணைக்கு எதற்கு என்று அலுவலர் கேட்டார். கண்ணைப் பற்றிச் சொல்லாமல் பூசையைப் பற்றிச் சொல்ல முடியாது.

பாரத் துவக்காலும் படாமல் போனபோது பிழை துவக்கிலும் இல்லை, தன்னிலும் இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். மிஞ்சியது கிரகம். செப்டம்பரில் ஆர்ச்வே முருகன் கோயிலில் அருச்சனை செய்தார். நவம்பர் 15ஆம் திகதிக்கு அல்ஸ்டன் மறுபடி அழைத்திருந்தார். பெசன்ட் சுடும் பருவம் அக்டோபர் முதலாம் திகதி தொடங்குகிறது. இந்த வருடம் ஆயுத பூசையும் அன்றுதான் வந்தது. இதைக் கலண்டரில் கண்டுபிடித்த நாள் அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தைக் கல்யாணத்தன்றும் நான் காணவில்லை.

ஆயுத பூசை என்றால் என்ன என்று கேட்கப்பட்டது. நவராத்திரியின் ஒன்பதாம் நாள் தொழில் செய்யும் சாமான்களைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். எங்கள் வீட்டில் வருடா வருடம் அவருடைய ஸ்பானர் பெட்டியும் என் மாத்திரை எண்ணும் தட்டும் வைக்கப்படும்.

1 அக்டோபர், புதன்கிழமை, மாலை நாலு மணிக்கு என் கணவர் தன் கையால் அலுமாரியைத் திறந்து, துவக்கை எடுத்துப் பாகங்களைப் பொருத்தி, வரவேற்பறையில் கொலுவுக்கு முன்னால் சிவப்புத் துணியில் வைத்தார். தோட்டா போடவில்லை. இது கூடாது, லைசென்ஸ் போய்விடும் என்று நான் சொன்னேன். அவர் சொன்னது: "வீட்டுக்குள்ளை செய்யிற பூசை ஆருக்குத் தெரியப்போகுது?"

அதன் பிறகு நாலே முக்காலுக்கு ஒரு கடையில் குளிரறை நின்றுவிட்டது என்று போன் வந்தது. அவர் வேலை வான் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது அலுமாரித் திறப்பைத் தன் கோர்வையிலிருந்து கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "நான் வரப் பிந்தினால் பூசை முடிய நீயே உள்ளுக்கை வைச்சுப் பூட்டு, கௌரி. சந்தனத்தை நல்லா அப்பிவிடு." நான் வேண்டாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் வான் கிளம்பிவிட்டது.

ஆறு மணிக்கு ஆறு பேர் வந்தார்கள். எல்லோரும் தெரிந்த குடும்பங்கள். நான் பூசை செய்தேன், துவக்கின் குழலிலும் அடிக்கட்டையிலும் சந்தனம் வைத்தேன். என் கைதான் வைத்தது, மறுக்கவில்லை. அவலும் கடலையும் கொடுத்தேன். அதன் பிறகு என் கணவரின் நண்பர் சண்முகராசா போனில் படம் எடுத்து, இந்த வருசம்தான் உண்மையான ஆயுத பூசை என்று எழுதிக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இருநூறு பேர் உள்ள குழு. அதிலிருந்து உங்களுக்கு அறிவித்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் கோபமில்லை.

எல்லோரும் போன பிறகு நான் துவக்கை மடித்துத் திறந்து குழல்கள் காலியாக இருப்பதைப் பார்த்தேன், ஈரத்துணியால் துடைத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன், திறப்பைத் திருநீற்றுச் சட்டிக்குள் போட்டேன். அவர் எட்டரைக்கு வந்தார். திறப்பை நான் நீட்டவில்லை. அவராகக் கேட்கட்டும் என்று இருந்தேன். மூன்று நாள் கேட்கவில்லை.

4 அக்டோபர், சனிக்கிழமை காலை, பொலிசார் இருவர் அந்தப் படத்தோடு வந்து அலுமாரியைத் திறக்கச் சொன்னார்கள். அவர் திறப்புக் கோர்வையை இரண்டு தரம் தேடினார். நான் போய்த் திருநீற்றுச் சட்டிக்குள்ளிருந்து எடுத்து, ஊதித் துடைத்து, அலுவலரின் கையில் கொடுத்தேன். என் கணவர் உடனே ஆங்கிலத்தில், தனக்கு எதுவுமே தெரியாது, மனைவி திறப்பைக் களவாக எடுத்திருக்கிறா, அவவுக்கு ஆங்கிலம் விளங்காது, சட்டமும் தெரியாது, ஊர்ப் பழக்கத்தில் செய்துவிட்டா என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். முப்பது வருடத்துக்குக் கிட்டச் சமைத்துப் போட்டவளை ஒரு நிமிடத்தில் கள்ளியும் மோட்டுப் பொம்பிளையும் ஆக்கினார். ஆனாலும் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர்களில் இளையவர் என் கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

துவக்கை அவர்கள் எடுத்துப் போன பிறகு என் கணவர் மேசையில் எனக்கு முன்னால் இருந்து, பொலிசில் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித் தந்தார். "நீதான் எடுத்தனி எண்டு சொல்லு. பொம்பிளையெண்டு எச்சரிச்சு விட்டுடுவாங்கள். எனக்கெண்டால் லைசென்ஸ் போயிடும், அல்ஸ்டனின்ரை முகத்திலை முழிக்க ஏலாது." அனுமதியில்லாமல் துவக்கைக் கையாளுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று அந்த விதிகளை அவருக்கு வாசித்துக் காட்டியவள் நான். எனக்கு வேலை போகும். மருந்தகத்தில் குற்றப்பதிவு உள்ளவளை வைத்திருக்க மாட்டார்கள். அதைச் சொன்னேன். உழைக்கிறதற்குத் தான் இருப்பதாகச் சொன்னார்.

படத்தில் கொலுவுக்கு மேல் சுவரில் மாலையோடு தெரியும் இளைஞர் யார் என்று அலுவலர் கேட்டார். தூரத்து உறவினர் என்று என் கணவர் ஏற்கெனவே சொல்லியிருப்பதாக அறிகிறேன்.

1997இல் நான் இந்த நாட்டுக்கு வந்து குரோய்டனில் அகதி விசாரணைக்குப் போனேன். எனக்கு முதலே வந்திருந்த இவர் அன்று என்னோடு கூட வந்தார், அப்போது எங்களுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. ரயில் நிலையத்திலிருந்து அந்தக் கட்டிடத்துக்கு நடக்கும் வழியில், தம்பியைப் பற்றிச் சொன்னால் கேள்விமேல் கேள்வி வரும், கூடப்பிறந்தவர்கள் ஒருவரும் இல்லை என்று சொல்லு என்றார். நானும் அப்படியே சொன்னேன். அந்தப் பதிவில் எனக்குச் சகோதரர் இல்லை. இன்றைக்கு இதைச் சொல்வதால் அந்தப் பழைய கோப்பு கிளறப்படலாம் என்று மொழிபெயர்ப்பாளர் எனக்கு எடுத்துச் சொன்னார். கிளறட்டும்.

படத்தில் இருப்பவர் பெயர் ரதீசன். 1996இல் துவக்குச் சூட்டில் செத்தவர், வயது இருபது. சுட்டவர் யார் என்று நான் அங்கேயும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லத் தேவையில்லை. தூக்கிக்கொண்டு வந்தவர்கள், அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, வலியில்லாமல் போயிருப்பார் என்று அம்மாவிடம் சொன்னார்கள். அந்தப் படத்துக்குக் கீழேதான் என் கணவர் துவக்கை வைத்துவிட்டுப் போனார். நான்தான் அதற்குச் சந்தனம் வைத்தேன். அதற்காக யாரும் என்மேல் வழக்குப் போடவில்லை, அதற்கு மட்டும் போட்டிருந்தால் நான் குற்றத்தை ஏற்றிருப்பேன்.

மேலே உள்ளவை நான் கண்டதும் செய்ததும். எனக்குச் சொல்லித் தரப்பட்டது எது என்பதும் இதிலேயே உள்ளது. பொய் இருந்தால் அதற்கான தண்டனை எனக்குரியது என்பதை அறிவேன். முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஒரு திருத்தம் செய்தேன். இதோடு சேர்ந்த தனித்தாளில் படத்தைப் பற்றிய குறிப்பில், என் கணவர் கொடுத்த தகவலின்படி "தூரத்து உறவினர்" என்று எழுதப்பட்டிருந்தது. அதை நானே வெட்டி, மேலே "கூடப்பிறந்த தம்பி" என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைத்தேன்.

(ஒப்பம்) ஜெ. ஞானேஸ்வரன்