மஞ்சள் கோடு போட்ட ரெண்டு வரி

இல்ல சார், வாயை மட்டும் அசைக்காதீங்க. உதட்டோரத்துல போட்டுக்கிட்டிருக்கேன், பேசினீங்கன்னா திட்டுத் திட்டா நிக்கும். வழக்கமா இந்த நாற்காலியில உட்கார்றவங்க பேசுவாங்க, நான் உம் கொட்டுவேன். இன்னிக்கு ஒரு நாள் நீங்க உம் கொட்டுங்க. கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். மடியில வெச்சிருக்கீங்களே காகிதம், அதுல மஞ்சக் கோடு போட்ட ரெண்டு வரியை மட்டும் டிவில சொல்லாம விட்டுருங்க. மத்ததை எல்லாம் சொல்லுங்க, எனக்கென்ன. அட, புருவத்தையும் தூக்காதீங்க, மடிப்புல பவுடர் போய் உட்கார்ந்துக்கும்.

எட்டிப் பார்க்கலை சார். தாடையைத் துடைக்கும்போது கண்ணுல பட்டுச்சு. பதினெட்டு வருஷமா இந்த ஸ்டுடியோல முகம் துடைக்கிறேன், மடியில இருக்கிற காகிதத்தைத் தலைகீழாவே படிச்சுருவேன். ஆமா, காஸாவுல செத்தவங்க பேரு லிஸ்ட்டுதான், அரபியில. அரபி படிக்கத் தெரியும். அரபிக்காரிதான் சார் நான், ஊரு யாஃபா. சட்டையில நோகான்னு இருக்கேன்னு பார்க்குறீங்களா? அது ஓர்லி போட்டது. அதோ வாசல்ல நின்னு நிமிஷம் எண்ணிக்கிட்டிருக்காளே, அவதான். என் பேரு நூஹா. அவளுக்கு வாயில வரலையாம், நோகாவாக்கிட்டா. இப்ப நானே போனை எடுத்தா நோகா பேசுறேன்னுதான் சொல்றேன். பயப்படாதீங்க, கையில பிரஷ்தான் இருக்கு.

சிரிக்காதீங்க, கன்னம் அசையுது.

களைச்சுப் போச்சு சார். தினமும் அஞ்சு மணிக்கு இதே கச்சேரி. காஸாவுல செத்தது இத்தனை ஆயிரம்னு ஒருத்தர் சொல்வாரு, அதுல பாதி பொய்னு இன்னொருத்தர் மேஜையைத் தட்டுவாரு. முடிஞ்சதும் ரெண்டு பேரும் இங்க வந்து ஒரே டப்பாவுல இருந்து டிஷ்யூவை உருவி முகத்தைத் துடைச்சுக்கிட்டு, லிஃப்ட் எந்தப் பக்கம்னு கேப்பாங்க. இன்னிக்கு உங்க எதிர்ல உட்காரப் போறாங்களே வக்கீலம்மா, அவங்களுக்கும் நான்தான் போட்டேன். நல்ல மனுஷி. அவங்க மடியிலயும் நம்பர்தான். உங்க நம்பரை அடிக்கிறதுக்கு இன்னொரு நம்பர்.

உங்க ஆளுங்களுக்கு மட்டும் என்ன வாழுது? போன வருஷம் எல்லையோர கிப்புட்ஸ் கிராமத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. அந்த அக்டோபர் சனிக்கிழமை, காஸாவுல இருந்து புகுந்தவங்க வீட்டுக்குள்ளயே அவங்க மகனைக் கொன்னுட்டாங்க. நாலு தடவை பவுடர் போட்டேன், நாலு தடவையும் கண்ணீர்ல கரைஞ்சு போச்சு. கடைசியில என் கையைப் பிடிச்சு, விடும்மா, இப்படியே போறேன்னாங்க. உள்ள போனா, நீங்க அரசாங்கத்துக்கு எதிராத்தானே அழுறீங்கன்னு ஒருத்தர் கேட்டாரு. திரும்பி வந்து, என் பிள்ளை பேரை ஒருத்தன்கூட ஒழுங்கா சொல்லலை பாத்தியான்னு கேட்டாங்க. பாத்தேம்மான்னேன். வேற என்ன சொல்றது. அன்னிக்கு வீட்டுக்குப் போய் அவங்களுக்காகவும் அழுதேன்.

ஓர்லி, வரேன் வரேன், இன்னும் மூக்கு பாக்கி!

சரி, விஷயத்துக்கு வரேன். உங்க வாதம் எனக்குப் புரியுது சார். ஒரே பேரு. ஃபிராஸ். அப்பா பேரு அதே, தாத்தா பேரு அதே, குடும்பப் பேரு அதே, அம்மா பேரும் அதே. ஒரு பக்கத்துல வயசு ஒன்பது. பல பக்கம் தள்ளி, வயசு சைபர், அடையாள அட்டை நம்பர் காலி. ஒரே பையனை ரெண்டு தடவை எழுதி வெச்சிருக்கான், இதான் இவனுங்க கணக்கு லட்சணம்னு காமிராவுக்கு நேரா தூக்கிக் காட்டப் போறீங்க. போன வாரம் பேப்பர்ல எழுதினதுதானே? தலைப்புகூட ஞாபகம் இருக்கு. இரண்டு முறை இறந்த சிறுவன். நல்ல தலைப்பு சார். படிச்சவங்க மறக்க மாட்டாங்க.

அந்த லிஸ்ட்ல தப்பே இருக்காதுன்னு நான் சொல்ல வரலை. இருக்கும். ஆஸ்பத்திரி நடையில தரையில உட்கார்ந்து, கரண்டு இல்லாம, அழுதுக்கிட்டிருக்கிறவங்க வாயில இருந்து பேரை வாங்கி எழுதுறவன் சார் அவன். தப்பு வராதா? தேடுங்க, பிடிங்க, சொல்லுங்க. அது உங்க வேலை. ஆனா நீங்க கோடு போட்டது தப்பில்ல.

எங்க ஆளுங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிள்ளை போயிட்டா, அடுத்துப் பொறக்கறதுக்கு அதே பேரை வைப்பாங்க. எல்லா வீட்லயும்னு இல்ல, ஆனா உண்டு. நானே ரெண்டாவது நூஹாதான். முதல் நூஹா மூணு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. என்னை ஸ்கூல்ல சேர்க்கப் போனா, இந்தப் பொண்ணு செத்துட்டதா எழுதியிருக்கே, எப்படிச் சேர்க்கறதுன்னு கிளார்க் கேட்டானாம். எங்கப்பா என்னைத் தூக்கி அவன் மேஜை மேல, ரிஜிஸ்டர் மேலயே நிக்க வெச்சுட்டாரு. செருப்போட. அந்தக் கிளார்க் மாதிரி ஆளுங்க இன்னும் இருக்காங்கன்னு உங்க கட்டுரையைப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. கோவிச்சுக்காதீங்க.

அதனால அந்த சைபர் காலிக் கட்டம் இல்ல சார். அது நாலு மாசம். வருஷக் கணக்குல எழுதினா நாலு மாசத்துக்கு சைபர்தானே வரும்? நம்பர் ஏன் இல்லைன்னா, அவனைப் பதியறதுக்கு அப்ப ஒரு ஆபீசும் திறந்து இல்ல. ரெண்டு வரி, ரெண்டு பிள்ளைங்க. அண்ணன் தம்பி.

நாலு மாசம்னு எனக்கு எப்படித் தெரியும்னா? அம்மா பேரு போட்டிருக்கிற கட்டத்தைப் பாருங்க. நஜ்லா. என் தங்கச்சி.

குனியாதீங்க, கழுத்துல இன்னும் போடலை.

அத்னான்னு, அவ வீட்டுக்காரர். காஸாவுல இருந்து யாஃபாவுக்கு டைல்ஸ் வேலைக்கு வந்தவர். எங்க சமையக்கட்டுல டைல்ஸ் ஒட்டிட்டு, தங்கச்சியையும் கட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அப்ப காஸா என்ன தூரம்? காரை எடுத்தா ஒரு மணி நேரம். வெள்ளிக்கிழமை போய் மீன் சாப்பிட்டுட்டு வருவோம். அப்புறம் எல்லைக் கேட்டை மூடினாங்க, இருபது வருஷமா எனக்கு அவ குரல்தான். பதினாலு வருஷம் பிள்ளை இல்லாம இருந்து பொறந்தவன் முதல் ஃபிராஸ். அந்த அக்டோபருக்கு அடுத்த நவம்பர்ல, மாடியில தொட்டியில தண்ணி இருக்கான்னு பார்க்க ஏறினான், உயிரோட இறங்கலை. அடுத்த மே மாசம் சின்னவன் பொறந்தான். செப்டம்பர்ல ஒரு ஸ்கூல்ல தங்கியிருந்தாங்க. அவ தண்ணிக்கு வரிசையில நின்னுக்கிட்டிருந்தா, குழந்தை அத்னான் தோள்ல தூங்கிக்கிட்டிருந்தது. குண்டு ஸ்கூல் மேல விழுந்தது. அத்னானும் அந்த லிஸ்ட்ல இருக்காரு சார். அவர் மேல நீங்க கோடு போடலை.

உங்க கட்டுரையை யாரோ அரபியில மாத்திப் போட்டு, அது சுத்திச் சுத்தி அவ கூடாரத்துக்கே போயிருச்சு. போன் பண்ணினா. அக்கா, ரெண்டு பேர்ல யாரை இல்லைங்கறாங்கன்னு கேட்டா. சண்டைக்குக் கேக்கலை. தெரிஞ்சுக்கத்தான் கேட்டா. பெரியவனையா, சின்னவனையான்னு. இன்னிக்கு டிவிலயும் வந்துச்சுன்னா மறுபடி கேப்பா. அதுக்குத்தான் கேக்கறேன், சொல்லாம விட்டுருங்கன்னு.

வேண்டாம் சார், மன்னிப்பெல்லாம் வேண்டாம். நீங்க கேட்டா பதிலுக்கு நான் பரவாயில்லைன்னு சொல்லணும். அதுக்குத் தெம்பில்ல.

என்னது, இதையே நிகழ்ச்சியில சொல்லவா? ஐயையோ. நாளைக்கே அப்படி ஒரு வழக்கம் உண்டா இல்லையான்னு பேச ரெண்டு பேர் வந்து உட்காருவாங்க. அவங்களுக்கும் நான்தான் பவுடர் போடணும். நடத்துறவர் கேட்டா, இன்னொரு தடவை சரிபார்க்கணும்னு சொல்லிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிடுங்க. படிச்சவங்க சரிபார்க்கணும்னு சொன்னா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

ஆச்சு ஓர்லி, ஆச்சு! கத்தாதே, அவரை நான் ஒண்ணும் கடிச்சுச் சாப்பிட்டுடலை.

எழுந்திருங்க, கழுத்துத் துணியை எடுத்துடறேன். காலர்ல படலை, சுத்தமா இருக்கு. மைக்கை அந்தப் பக்கம் மாட்டுவாங்க. நீங்க சொல்லுவீங்களோ மாட்டீங்களோ, எனக்குத் தெரியாது. உங்க முகத்தைப் பார்த்தா கெட்டவரா தெரியலை. உங்க மேல முழுக் கோவமும் இல்ல எனக்கு. இருந்தா நல்லாத்தான் இருக்கும்.

அவ அந்தப் பேரே வேண்டாம்னுதான் சார் சொன்னா. சின்னவன் பொறந்தன்னிக்கு எப்படியோ லைன் கிடைச்சுது, ரெண்டே நிமிஷம். அமீர்னு வைக்கப் போறேன்கா, ஃபிராஸ்னு கூப்பிட எனக்கு வாய் வரலைன்னா. நான்தான் விடலை. நம்ம வீட்டுப் பேரு, அதைப் போக விடாதேடின்னு இங்க இருந்து கத்தினேன், வயித்துக்குச் சாப்பாடும் தலைக்குக் கூரையும் இருக்கிற தைரியத்துல. லைன் அறுந்து போறதுக்குள்ள சரின்னுட்டா. அவ இஷ்டப்படி அமீர்னே விட்டிருந்தா, இன்னிக்கு உங்க காகிதத்துலயாவது ரெண்டு பேரும் இருந்திருப்பாங்க.